வீட்டுக் கொல்லையில் இரண்டே குழி: எந்த பட்டர் ஃப்ரூட் வைப்பது?

மேட்டுத்தெரு (பண்ணைக்காடு)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் முதல் தடவையாக வாயைத் திறக்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் 8 சென்ட் சரிவு நிலம் இருக்கிறது. உயரம் 1250 மீட்டர் என்று போன் காட்டுகிறது. முன்னே பின்னே இருக்கலாம். அப்பா காலத்தில் நாலு ஆரஞ்சு மரம் நின்றது. ஒவ்வொன்றாகக் காய்ந்து, கடைசி மரத்தைப் போன வருஷம் வெட்டினோம். இப்போது மிச்சம் கொஞ்சம் காபி, இரண்டு மலைவாழை, வேலியோரம் ஒரு சில்வர் ஓக். அந்தக் காலி இடத்தில் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) வைக்கலாம் என்று ஆசை. எப்படிப் பார்த்தாலும் இரண்டு மரத்துக்கு மேல் இடம் இல்லை.

நர்சரியில் கேட்டால், "ஹாஸ் ரகம் எடுத்துட்டுப் போங்க சார், வேற எதையும் யோசிக்காதீங்க" என்கிறார்கள். ஒட்டுக் கன்று 800 ரூபாய். பக்கத்து வீட்டுப் பாட்டி, "கொட்டையப் போடு, தானா வரும், காசு எதுக்கு" என்கிறார். தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்து டிகேடி 1 ரகம்தான் நம்ம மலைக்கு ஏற்றது என்று மாமா ஒரே பிடியாக நிற்கிறார். ஏ பூ, பி பூ என்று வேறு எங்கோ படித்தேன், தலை சுற்றுகிறது.

விற்கிற எண்ணம் இல்லை. அம்மாவுக்குப் பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துக் கொடுக்க வேண்டும், எனக்கு உப்பும் மிளகும் போட்டுச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். நிலத்தின் கீழ்ப்பக்கம் ஐப்பசியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதையும் சொல்லிவிடுகிறேன்.


காபிக்காடு (தாண்டிக்குடி)

தம்பி, ரகத்தை அப்புறம் பார்ப்போம். கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, தண்ணீர் நிற்கும் என்று, அதுதான் உங்கள் கேள்வியே.

என் கதையைச் சொல்கிறேன். காபிக்கு நடுவே 11 மரம் வைத்தேன். ஏழு மரம் பழைய ஓடைப் பள்ளத்தில், நாலு மரம் கரை மேட்டில். எல்லாமே ஒரே தாய்மரத்துக் கொட்டை. மூன்று வருஷம் கிடுகிடுவென்று வளர்ந்தன, பார்க்கிறவர்கள் கண் வைக்கிற மாதிரி. நாலாம் வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசமும் மழை விடவில்லை. தை பிறந்ததும் பள்ளத்து மரங்களில் இலை சிறுத்து வெளுத்தது. மண் ஈரமாகத்தான் இருக்கிறது, இலை மட்டும் தொங்குகிறது. தண்ணீர் போதவில்லையோ என்று நினைத்து இன்னும் ஊற்றினேன் பாருங்கள், அதுதான் நான் செய்த பாவம். ஒரு மரத்தின் அடியைக் கிளறிப் பார்த்தபோது, வெளுப்பாக இருக்க வேண்டிய சிம்பு வேரெல்லாம் கறுத்துக் கிடந்தது. விரலால் தேய்த்தால் தோல் கையோடு வந்துவிட்டது. பைட்டோப்தோரா சின்னமோமி என்று பெயர். தண்ணீர் நிற்கிற மண்ணில் வேரைத் தின்கிற நோய். பள்ளத்து ஏழும் போயிற்று. மேட்டு நாலும் இன்றைக்கும் காய்க்கிறது.

அதனால் முதலில் மண்வெட்டியை எடுங்கள். வைக்கப்போகிற இடத்தில் 2 அடி ஆழம் ஒரு குழி. நிறைய தண்ணீர் ஊற்றி ஒரு தடவை வடிய விடுங்கள். மறுபடி நிரப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டால் நல்ல இடம். மறுநாள் காலையிலும் நின்றால் அங்கே சேப்பங்கிழங்கு வையுங்கள்.

ரகம் என்று கேட்டால், பாட்டி சொன்னதே சரி. நாட்டு மரம் போதும்.


ஒட்டுக்கத்தி (பெரும்பாறை)

ஐயா சொன்ன குழிக் கணக்கை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பட்டர் ஃப்ரூட்டில் கொட்டை போட்டால் தாய் மாதிரி பிள்ளை வராது. ஒரே மரத்துக் காயில் பத்துக் கொட்டை எடுத்து நட்டால் பத்தும் பத்து விதம். ஒன்று நீளக் கழுத்து, ஒன்று உருண்டை, ஒன்று முழுக்கக் கொட்டையாக இருந்து ஓரத்தில் மட்டும் சதை. அதைத் தெரிந்துகொள்ள ஆறு, ஏழு வருஷம், சில சமயம் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும். ஒட்டுக் கன்று மூன்று, நாலு வருஷத்தில் காய்க்கும், என்ன காய்க்கும் என்றும் தெரியும். ஐயாவுக்குக் காபிக்காடு இருக்கிறது, ஒரு மரம் ஏமாற்றினாலும் இன்னொரு மரம் கொடுக்கும். இரண்டே குழி வைத்திருப்பவர் லாட்டரிச் சீட்டு வாங்கக் கூடாது.

இனி ரகம். அடிப்படையில் மூன்று வம்சம். மெக்சிகோ மலையில் பிறந்தது குளிரைத் தாங்கும். காய் சிறிது, தோல் மெல்லிசு, எண்ணெய் அதிகம். இலையைக் கசக்கினால் சோம்பு வாசனை வரும். குவாத்தமாலா மலையது தடித்த, சொரசொரத் தோல், காய் மரத்திலேயே பல மாசம் தொங்கும். மூன்றாவதை மேற்கிந்தியத் தீவு வம்சம் என்பார்கள். அது வெப்பமான தாழ்நிலத்துக்கு உரியது. காய் பெரிது, எண்ணெய் குறைவு, குளிர் ஆகாது. நம் பக்கத்துப் பழைய தோட்டங்களில் இந்த மூன்றும் இஷ்டத்துக்குக் கலந்து கிடக்கிறது.

ஹாஸில் குவாத்தமாலா, மெக்சிகோ இரண்டு ரத்தமும் உண்டு. பழுத்தால் கறுக்கும், சதை கெட்டியாக வெண்ணெய் மாதிரி இருக்கும். ருசியில் குறை சொல்ல முடியாது. வெயில் அதிகமான தாழ்வான இடத்தில் காய் சிறுத்துப்போகும், 1250 மீட்டரில் அந்தப் பயம் குறைவு. ஃபியூர்ட்டே என்ற ரகமும் மெக்சிகோவும் குவாத்தமாலாவும் கலந்ததுதான். பச்சைத் தோல், பேரிக்காய் வடிவம், என் நாக்குக்கு ஹாஸைவிட ஒரு படி மேல். ஆனால் ஒரு வருஷம் கொட்டும், மறு வருஷம் கையை விரிக்கும். டிகேடி 1 தடியன்குடிசையில் தேர்வு செய்த ரகம். நடுத்தர உருண்டைக் காய், மரம் நிமிர்ந்து வளரும், அதிகம் பரவாது. 8 சென்ட் கொல்லைக்கு அந்தக் குணமே பெரிய லாபம். மாமா சும்மா சொல்லவில்லை. குடகில் செட்டள்ளியிலிருந்து வந்த அர்கா சுப்ரீம், அர்கா கூர்க் ரவி என்று இரண்டும் இருக்கின்றன. நம் மலையில் அவற்றை நான் வளர்த்துப் பார்த்ததில்லை, அதனால் பேச மாட்டேன்.


மேட்டுத்தெரு (பண்ணைக்காடு)

இருவருக்கும் நன்றி. குழி நாளைக்கே வெட்டுகிறேன். அந்த ஏ, பி விஷயத்தை யாராவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லுங்களேன். ஒரே மரம் வைத்தால் காய்க்கவே காய்க்காதா?


கொல்லைப்புறம் (கோத்தகிரி)

இதை நான் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு தை மாசம் முழுக்க இதே வேலையாக இருந்தேன். வீட்டில் என்னைப் பைத்தியம் என்றார்கள்.

பட்டர் ஃப்ரூட் பூ ஒவ்வொன்றிலும் ஆணும் இருக்கிறது, பெண்ணும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்காது. பூ முதலில் பெண்ணாகத் திறக்கும், மூடிக்கொள்ளும், மறுநாள் ஆணாகத் திறக்கும். ஏ வகை மரத்தில் முதல் நாள் காலை பெண், மறுநாள் மதியத்துக்கு மேல் ஆண். பி வகையில் முதல் நாள் மதியத்துக்கு மேல் பெண், மறுநாள் காலை ஆண். ஆகவே காலையில் ஏ மரம் பெண்ணாக இருக்கும்போது பி மரம் ஆணாக இருக்கும், சாயங்காலம் தலைகீழ். ஹாஸ், பிங்கர்ட்டன், ரீட் எல்லாம் ஏ. ஃபியூர்ட்டே, பேக்கன், சுட்டானோ எல்லாம் பி. இதனால்தான் இரண்டு வகையும் பக்கத்தில் இருந்தால் நல்லது என்பது.

உங்கள் மரம் எது என்று கண்டுபிடிக்கத் தையல் நூல் போதும். காலை ஒன்பதரைக்குத் திறந்திருக்கும் பூக்கொத்தில் சிவப்பு நூல், மதியம் மூன்று மணிக்குத் திறந்திருப்பதில் நீல நூல். பூ சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். நடுவில் ஒற்றைத் தண்டு மட்டும் நிமிர்ந்து, சுற்றியிருக்கும் இழைகள் இதழோடு படுத்துக் கிடந்தால் பெண். அந்த இழைகள் எழுந்து நின்று, நுனியில் மஞ்சள் தூள் தெரிந்தால் ஆண். என் மரம் காலையில் பெண். எனவே ஏ.

சரி, இப்போது வேடிக்கை. இதெல்லாம் வெயில் நாளின் கணக்கு. மூடுபனி இறங்கி மூன்று நாள் குளிராகவே இருந்தபோது என் மரத்தின் கடிகாரமே குழம்பிப்போனது. காலையில் திறக்க வேண்டியது மதியம் திறந்தது. ஒரே மரத்தில் ஒரு பக்கம் பெண், மறு பக்கம் ஆண். தேனீ வந்தால் போதும், வேலை நடந்துவிடும். ஒற்றை மரமும் மலையில் காய்ப்பது இப்படித்தான் என்று நினைக்கிறேன். எனவே பி மரம் இல்லாவிட்டால் காயே வராது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். இருந்தால் கூடுதலாக வரும். ஆயிரக்கணக்கான பூவில் நிற்பது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், அதற்கும் அழ வேண்டாம்.

என்னிடம் இருக்கும் மரத்தின் சோகக் கதை தனி. "ஹாஸ் ஒட்டு" என்று சொல்லி ஒருவர் விற்றார், பெயர் வேண்டாம். நட்டேன், உரம் வைத்தேன், ஐந்து வருஷம் காத்தேன். வந்தது கையளவு பச்சைக் காய், கழுத்து நீளம், சதை தண்ணீர். பிறகுதான் அடிமரத்தைக் குனிந்து பார்த்தேன். ஒட்டுப் போட்ட இடத்தில் சுண்டு விரல் அளவு காய்ந்த குச்சி ஒன்று இன்னமும் டேப்போடு நிற்கிறது. மரம் முழுக்க அதற்குக் கீழே இருந்து, ஒட்டுக்கு அடியாக இருந்த வேர்ச்செடியிலிருந்து கிளம்பியது. விற்றவர் ஏமாற்றினாரா, நான்தான் கீழ்த்துளிரைக் கிள்ளாமல் விட்டேனா, இன்றைக்கும் தெரியாது. கன்று வாங்குபவர்கள் ஒட்டு முடிச்சைப் பாருங்கள். இலை எல்லாம் முடிச்சுக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசை எடுங்கள்.


காபிக்காடு (தாண்டிக்குடி)

அம்மா, உங்கள் தையல் நூல் வேலை அருமை. நாற்பது வருஷமாக இந்த மரத்தோடு இருக்கிறேன், பூவை இப்படிப் பார்த்ததில்லை.

ஒட்டுக்கத்தித் தம்பிக்கு ஒரு கேள்வி. நீங்கள் தலையில் தூக்கி வைக்கிற ஹாஸ், அதுவே கொட்டை மரம்தானே? கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் கொட்டை வாங்கி நட்டார். முளைத்த செடியில் ஃபியூர்ட்டே ஒட்டுப் போட்டுப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. மறுபடியும் போட்டார்கள், ஒட்டவில்லை. வெட்டி எறிய இருந்த மரம். காய் ருசியாக இருக்கிறது என்று அவர் பிள்ளைகள் சொன்னதால் தப்பியது. 1935இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உலகத்தில் இருக்கிற ஹாஸ் அத்தனையும் அந்த ஒரு கொட்டையின் வாரிசு. ஆக, பாட்டி சொன்னது அவ்வளவு முட்டாள்தனம் இல்லை.


ஒட்டுக்கத்தி (பெரும்பாறை)

கதை சரிதான் ஐயா. அந்தத் தாய்மரம் 2002இல் செத்ததும் உங்கள் பள்ளத்து மரங்களைக் கொன்ற அதே வேரழுகலில்தான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு ஹாஸ் கிடைக்க எத்தனை கொட்டை குப்பைக்குப் போயிருக்கும்? ஜெயித்தவன் கதையை மட்டும்தான் ஊர் பேசும். தவிர, அது நல்ல காய் என்று தெரிந்தவுடன் அவர் என்ன செய்தார்? கொட்டையை எடுத்து நடவில்லையே. அதன் குச்சியை வெட்டி ஒட்டுப் போட்டுப் பெருக்கினார். என் கட்சிக்கும் அவர்தான் சாட்சி.

நான் நாட்டு மரத்துக்கு எதிரி இல்லை. மேட்டுத்தெரு, ஒரு யோசனை. உங்கள் ஊரிலேயே, உங்கள் உயரத்திலேயே, இருபது வருஷமாக நன்றாகக் காய்க்கிற ஒரு மரம் கட்டாயம் யார் வீட்டிலாவது இருக்கும். அது எத்தனை கார்த்திகை மழையைப் பார்த்திருக்கும்! அதன் காயை வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் கொட்டையைக் கேட்காதீர்கள், குச்சியைக் கேளுங்கள். நான் ஒட்டிக் கொடுக்கிறேன்.


பனிப்புல் (ஊட்டி)

நடுவில் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் (2200 மீட்டருக்கு மேல்) யாராவது இதைப் படித்துவிட்டு ஹாஸ் வாங்க ஓட வேண்டாம். மார்கழி, தையில் பள்ளத்தாக்கில் உறைபனி விழும் இடம் என்றால் இளங்கன்று ஒரே இரவில் வெந்த கீரை மாதிரி ஆகிவிடும். எனக்கு இரண்டு கன்று போனது. மூன்றாவதை வீட்டுச் சுவரோரம், சரிவின் மேல் பகுதியில் வைத்து, இரண்டு குளிர்காலம் சாக்குப் போட்டு மூடினேன். இலையில் சோம்பு வாசனை வரும் ரகம். பிழைத்துவிட்டது. பூக்கிறது, காய் நிற்பதுதான் குறைவு. இரவில் அவ்வளவு குளிர் இருந்தால் பூ பிஞ்சாவது கஷ்டம்தான்.

குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். சரிவின் நடுவிலோ மேலோ வைத்தால் பாதி பிரச்சினை இல்லை.


கமிஷன்கடை (வத்தலக்குண்டு)

விற்கவில்லை என்று சொல்லிவிட்டார், இருந்தாலும் சந்தைக்காரன் பேசாமல் போக முடியுமா.

மலையிலிருந்து மூட்டை கட்டி இறங்குகிற காயில் எனக்குப் பெரிய தலைவலி மெல்லிய தோல்தான். கொண்டை ஊசி வளைவில் ஒன்றோடொன்று உரசி, கடைக்கு வரும்போது பாதி கறுத்திருக்கும். ஹாஸ் என்றால் தடித்த தோல், பழுத்தால் எப்படியும் கறுப்பு, அடிபட்டாலும் வெளியே தெரியாது. வியாபாரிகள் ஹாஸ் ஹாஸ் என்று குதிப்பதற்கு ருசி பாதி காரணம், இது மீதிப் பாதி. உங்கள் காய் மரத்திலிருந்து அடுப்படிக்கு இருபது அடிதான் பயணம் போகப் போகிறது. தோலைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? பேப்பர் மாதிரித் தோல் உள்ள நாட்டுக் காயில் எனக்குப் பிடித்தது பல இருக்கிறது, அதை நான் வாங்கத்தான் மாட்டேன்.

இன்னொன்று. ஆடி மாசம் எல்லோர் வீட்டிலும் காய். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போனால் அவர்கள் உங்களுக்கு ஒரு பை கொடுத்து அனுப்புவார்கள். இரண்டு மரம் வைப்பதானால் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வருவதாகப் பாருங்கள். ஹாஸ் விளைந்த பிறகும் மரத்தில் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாம், வேண்டியபோது வேண்டியதைப் பறிக்கலாம். வீட்டுக்கு அது பெரிய வசதி.

மரத்தில் பழுக்கும் என்று காத்திருப்பவர்களும் உண்டு, அதனால் சொல்கிறேன்: இந்தக் காய் மரத்தில் விளையும், பழுக்காது. பறித்த பிறகுதான் இளகும். ஒன்றைப் பறித்து அரிசிப் பானையில் வையுங்கள். ஒரு வாரத்தில் சுருங்காமல், ஒரே சீராக இளகினால் மற்றதையும் பறிக்கலாம். ரப்பர் மாதிரிச் சுருங்கினால் இன்னும் விளையவில்லை. வெட்டிப் பார்த்தால் கொட்டையின் மேல்தோல் காய்ந்த காகிதம் போலப் பழுப்பாக இருக்க வேண்டும், வெள்ளையாகச் சதையோடு ஒட்டியிருந்தால் இளங்காய். பறிக்கும்போது காம்பைக் கொஞ்சம் விட்டு நறுக்குங்கள். பிய்த்தால் அந்த ஓட்டையிலிருந்துதான் அழுகல் தொடங்கும்.


மேட்டுத்தெரு (பண்ணைக்காடு)

வந்துவிட்டேன், மண் அப்பிய கையோடு.

மேல் குழி: இரண்டாம் தடவை நிரப்பியது மூன்று மணி நேரத்தில் இறங்கிவிட்டது. கீழ்க் குழி: சாயங்காலம் ஒரு சாண்கூட இறங்கவில்லை, காலையில் போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு தவளை. காபிக்காடு ஐயாவுக்குக் கும்பிடு. அப்பாவின் நாலு ஆரஞ்சில் முதலில் காய்ந்த இரண்டும் அந்தக் கீழ்ப்பக்கம்தான் நின்றன. அதற்கும் இந்தத் தண்ணீர்தான் காரணமோ என்னவோ.

ஒட்டுக்கத்தி அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரி ஊரில் மரம் தேடிப் போனேன். மூன்று வீடு. முதல் மரம் கழுத்து நீண்டது, தண்ணீர்ச் சதை. இரண்டாவது பரவாயில்லை, நாரோடியது. மூன்றாவது ரிட்டயர்டு வாத்தியார் வீட்டு மரம். அவர் கட்டிடம் கட்டிய வருஷம் நட்டதாம், 26 வருஷமாகிறது. கருஊதாத் தோல், உள்ளங்கையில் அடங்குகிற காய், கொட்டை சிறிது. ஆவணி பாதிக்கு மேல்தான் விளையுமாம், அதற்குள் மற்றவர்கள் மரம் காலியாகிவிடும் என்று பெருமையாகச் சொன்னார். மரத்தில் பெரும்பாலும் இன்னும் விளையாமல்தான் தொங்குகிறது. ஆனால் முந்தி விளைந்ததாகப் பறித்த ஒன்றிரண்டு காய் அவர் வீட்டில் இளகியிருந்தன, ஒரு துண்டு கொடுத்தார். முந்திரிப் பருப்பை மென்ற மாதிரி ஒரு பின்ருசி. அம்மாவுக்கு ஒரு காய் வாங்கி வந்தேன். பாலும் சர்க்கரையும் கேட்கவில்லை, அப்படியே கரண்டியால் தின்றுவிட்டார்.

ஒரு சந்தேகம். எங்களிடம் இரண்டு ஆடு இருக்கிறது. வெட்டுகிற கிளையைப் போடலாமா?


கொல்லைப்புறம் (கோத்தகிரி)

போடவே போடாதீர்கள் தம்பி! இலையில் பெர்சின் என்ற நஞ்சு இருக்கிறது. நமக்குப் பழத்தால் ஒன்றும் ஆகாது, ஆட்டுக்கு அந்த இலை ஆகாது. மடி வீங்கிப் பால் நின்றுவிடும், அதிகம் தின்றால் இதயத்தையே பாதிக்கும். கிளிக்கும் முயலுக்கும்கூட ஆகாது. கன்றைச் சுற்றிப் போடுகிற வேலி கன்றுக்காக மட்டுமில்லை, ஆட்டுக்காகவும்தான்.

காட்டுமாடு வருமா உங்கள் பக்கம்? எங்களுக்கு அது உடம்பைத் தேய்த்துக்கொள்ளக் கன்றுதான் கிடைக்கிறது. மூங்கில் கூண்டெல்லாம் அதற்குத் தீக்குச்சி.


காபிக்காடு (தாண்டிக்குடி)

காட்டுமாடு தேய்க்கும், மந்தி பிஞ்சைக் கடித்துக் கடித்துப் போடும், மலையணில் நல்ல காயாகப் பார்த்துக் குடையும். மிச்சம் நமக்கு. அதனால்தான் வீட்டை ஒட்டி வைப்பது.

வாத்தியார் வீட்டு மரம் யார் நட்டது, ஒட்டா கொட்டையா என்று கேட்டீர்களா?


மேட்டுத்தெரு (பண்ணைக்காடு)

கொட்டை ஐயா. கொடைக்கானலில் யாரோ தின்றுவிட்டுக் கொடுத்ததாம்.


காபிக்காடு (தாண்டிக்குடி)

வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒட்டுக்கத்தித் தம்பி படிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.


ஒட்டுக்கத்தி (பெரும்பாறை)

படித்துவிட்டேன் ஐயா, சிரித்தும்விட்டேன்.

மேட்டுத்தெரு, இப்படிச் செய்யுங்கள். மேல் குழி வாத்தியார் மரத்துக்கு. பாட்டி வீட்டில் இப்போது விழுகிற காயிலிருந்து மூன்று கொட்டை எடுத்து, கழுவி, காயவிடாமல் உடனே பைகளில் போடுங்கள். அகன்ற பக்கம் கீழே, கூர்ப்பக்கம் மேலே, முழுக்கப் புதைக்க வேண்டாம். பங்குனிக்குள் தண்டு பென்சில் தடிமன் வந்துவிடும். அப்போது வாத்தியார் மரத்தில் பூ முடிந்து புதுத் துளிர் முற்றியிருக்கும். நுனி மொட்டு பருத்து, இன்னும் விரியாத குச்சியாகப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்கு நாலைந்து வெட்டுங்கள். இலையைக் காம்போடு பிய்க்காமல், காம்பில் கொஞ்சம் விட்டு நறுக்கி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு அன்றைக்கே கொண்டு வாருங்கள். ஆப்பு ஒட்டுதான் (தண்டைப் பிளந்து குச்சியைச் செருகுவது) போடுவேன், ஒட்டியபின் ஒரு கவரை மாட்டிக் கட்டினால் குச்சி வாடாது. மூன்றில் இரண்டு பிடித்தால் நாம் கெட்டிக்காரர்கள். ஆனியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் ஊன்றிவிடும்.

இரண்டாவது மரம் கீழ்க் குழியில் வேண்டாம். மேல் குழிக்குப் பக்கவாட்டில் 6 மீட்டர் தள்ளி, அதே மட்டத்தில் இடம் இருக்கிறதா? அங்கேயும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சரியாக வந்தால் ஹாஸோ டிகேடி 1ஓ, உங்கள் இஷ்டம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாமா பேச்சைக் கேட்பேன், மரம் அடக்கமாக நிற்கும். குழியை ஆழமாக வெட்டி எருவைக் கொட்டுவதைவிட, ஒன்றரை அடி உயரத்துக்கு மண்ணைக் குவித்து மேட்டின் மேல் நடுங்கள். இதன் சிம்பு வேர் மேல் அரை அடி மண்ணில்தான் மேயும், அதனால் களைக்கொத்து அடியில் படவே கூடாது. சில்வர் ஓக் இலையைக் கூட்டி மூடாக்காகப் போடுங்கள், தண்டைத் தொடாமல் ஒரு கை தள்ளி.

வாத்தியார் மரம் ஏவா பியா என்று இப்போது சொல்ல முடியாது. தையில் நூலோடு போய் நில்லுங்கள், அக்கா சொல்லிக் கொடுத்ததை வாத்தியாருக்கே பாடம் எடுக்கலாம். இரண்டாவதாக ஹாஸ் வைத்து, அதுவும் ஏ, இதுவும் ஏ என்று வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். மரம் வளர்ந்தபின் ஒரு கிளையில் ஃபியூர்ட்டே ஒட்டிவிடுகிறேன். அந்தக் கிளைக்கு ஒரு துணி கட்டி அடையாளம் வையுங்கள். கிளையை அறியாமல் கவாத்து செய்துவிட்டு எனக்குப் போன் செய்தவர் ஒருவர் இருக்கிறார்.


கமிஷன்கடை (வத்தலக்குண்டு)

ஆவணி கடைசியில் காய் வருகிற மரம் என்றால், வாத்தியாரிடம் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் என் கடையில் சரக்கே இருக்காது.


மேட்டுத்தெரு (பண்ணைக்காடு)

சொன்னேன் அண்ணே. "விற்கிறதுக்கா வளர்த்தேன்" என்று முறைத்தார். ஆனால் குச்சிக்குச் சம்மதம். பதிலுக்கு ஒரு ஒட்டுக் கன்று அவர் மகள் வீட்டுக்கு வேண்டுமாம். அதனால் மூன்று கொட்டை இல்லை, ஆறு போட்டிருக்கிறேன். பக்கவாட்டு இடத்தில் இன்று காலை தண்ணீர் ஊற்றினேன், நாலரை மணி நேரம். பரவாயில்லைதானே?


காபிக்காடு (தாண்டிக்குடி)

மேடு போட்டு வைத்தால் போதும். கீழ்க் குழியை மூடிவிட்டீர்களா? ஆடு காலை உள்ளே விட்டு முறித்துக்கொள்ளப் போகிறது.


மேட்டுத்தெரு (பண்ணைக்காடு)

இப்போதுதான் மூடிவிட்டு வருகிறேன் ஐயா. தவளையை எடுத்து வாழை அடியில் விட்டேன். சேப்பங்கிழங்கு விதை உங்களிடம் இருக்கிறதா?